தேங்க்ஸ்கிவிங்குக்கு வீட்டில் என்ன செய்யலாம்: நன்றி மரமா, ஜாடியா, கையெழுத்து விரிப்பா?

அமெரிக்கத் தமிழ் வீடுகளுக்கு நவம்பர் கொஞ்சம் களைப்போடுதான் வரும். கொலுப் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கி அதிக நாள் ஆகியிருக்காது. தீபாவளி அப்போதுதான் முடிந்திருக்கும், இல்லை அடுத்த வாரம் காத்திருக்கும். ஹாலோவீன் மிட்டாயும் தீர்ந்திருக்காது. இந்த நேரம் பார்த்துப் பிள்ளை பள்ளியிலிருந்து வந்து, “நம்ம வீட்டுல தேங்க்ஸ்கிவிங்குக்கு என்ன செய்யறோம்?” என்று கேட்கும். இணையத்தில் தேடினால் நூறு யோசனை வருகிறது. படத்தில் எல்லாமே அழகு. எதை எடுப்பது என்பதில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள்.

என் கட்சி இதுதான்: ஒன்றே ஒன்றை எடுங்கள். அது அழகாக இருப்பதைவிட, அடுத்த நவம்பரில் இதே களைப்போடு மறுபடியும் செய்யக்கூடியதாக இருக்கட்டும். இரண்டு மூன்று வருடம் விடாமல் வந்தால்தான் பிள்ளைகள் அதை வீட்டு வழக்கமாக எடுத்துக்கொள்வார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

வேலை எந்த நாளில் விழுகிறது? 1863இல் அதிபர் லிங்கன் நவம்பரின் கடைசி வியாழனை நன்றி நாளாக அறிவித்தார். 1939இல் அதிபர் ரூஸ்வெல்ட் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் கூடட்டும் என்று அதை ஒரு வாரம் முன்னால் தள்ள, குழப்பமாகிப்போனது. 1941இல் நாடாளுமன்றம் நான்காவது வியாழன் என்று சட்டமே போட்டது. அதனால் பண்டிகை எப்போதும் 22இலிருந்து 28க்குள் வரும். நவம்பர் 1இல் ஆரம்பித்தால் குறைந்தது மூன்று வாரம் கையில் இருக்கிறது. வியாழக்கிழமை மட்டும் கணக்கில் சேராது. அன்று வான்கோழியோ பிரியாணியோ, அடுப்படியில் ஒருவர் மாட்டிக்கொண்டிருப்பார். பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டிய கைவேலையை அன்றைக்கு வைத்தால் நடக்காது.

யார் தலையில் விழுகிறது? “குடும்பமாகச் செய்வது” என்று சொல்லப்படும் பலவற்றில் முக்கால் பங்கு அம்மாதான் செய்கிறார். இதைக் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

எங்கே வைப்பது? இரண்டு படுக்கையறை அபார்ட்மெண்டில் கொலுப் பெட்டிக்கே இடம் இல்லை. விசா, வேலை என்று ஊர் மாறிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால், பெட்டியில் மடித்து வைக்க முடிவதற்குத் தனி மதிப்பு உண்டு.

புதிதாக வருகிறவர் சேர்ந்துகொள்ள முடியுமா? நான்கு நாள் விடுமுறையில் ஊருக்குப் போக வழியில்லாத மாணவர்களையும் தனியாக இருக்கும் அலுவலக நண்பர்களையும் சாப்பிடக் கூப்பிடும் வழக்கம் நம் வீடுகளில் நிறைய. முதல் தடவை வருகிற பையனை எழுப்பி நிறுத்தி, “உன் நன்றியைச் சொல்லு” என்றால் அவன் நெளிவான்.

காசை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. கீழே உள்ள ஐந்தில் எதுவுமே கையைக் கடிக்காது.

## நன்றி மரம்

காய்ந்த கிளை ஒன்றை ஜாடியில் நிறுத்தி, சுற்றிக் கூழாங்கல் போட்டு, இலை வடிவில் வெட்டிய காகிதத்தில் ஆளுக்கொன்று எழுதி நூலில் தொங்கவிடுவது. நான்கு வயதிலிருந்து பத்து வயது வரைக்கும் இதை அடிக்க ஆள் இல்லை. எழுதத் தெரியாத குழந்தை படம் வரையலாம். வருகிற விருந்தாளி யார் கண்ணிலும் படாமல் ஓர் இலை எழுதி மாட்டிவிட்டுப் போகலாம்.

உண்மையான இலைகள்தான் வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கும்போதுதான் வேலை கூடுகிறது. நியூஜெர்சி பக்கத்தில் நிறம் உச்சத்துக்கு வருவது அக்டோபர் கடைசியில். தேங்க்ஸ்கிவிங் வருவதற்குள் பெரும்பாலானவை பழுப்பாகித் தரையில் கிடக்கும். டல்லாஸ் பக்கம் இருப்பவர்களுக்கு நவம்பர் நடுவிலும் நிறம் இருக்கும். தெற்கு ஃப்ளோரிடாவில் காகித இலைதான் கதி. பொறுக்குவதானால் புதிதாக விழுந்த, வளைந்து கொடுக்கிற இலையாக எடுத்து, கனமான புத்தகங்களுக்கு நடுவே ஒரு வாரம் பத்து நாள் வைக்க வேண்டும். அவசரமென்றால் இரண்டு மெழுகுத் தாள்களுக்கு நடுவே இலையை வைத்து, மேலே பழைய துணி போட்டு, நீராவி இல்லாமல் மிதமான சூட்டில் இஸ்திரி போடலாம். பேக்கிங் செய்ய வாங்கிய பார்ச்மெண்ட் தாள் இதற்கு ஆகாது. அதில் மெழுகு இல்லாததால் ஒட்டாது. மெழுகின் மேல் பேனாவும் பிடிக்காது என்பதால், எழுதுவதற்குத் தனியாகச் சீட்டு கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, கட்டாயம் சொல்ல வேண்டியது. இலையுதிர் காலத்தில் மிக அழகாகச் சிவக்கும் கொடிகளில் பாய்சன் ஐவியும் ஒன்று. ஒரே காம்பில் மூன்று மூன்றாக இலை இருந்தால் தொடவே கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். அதன் எண்ணெய் காய்ந்த இலையிலும் தங்கியிருக்கும், தோல் கொப்பளித்துவிடும். ஐந்தைந்தாக இலை இருப்பது வேறு கொடி. தெரியாதவர்கள் தரையில் கிடக்கும் மேப்பிள், ஓக் இலைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் மேஜை இடம். பத்துப் பேர் சாப்பிடும் மேஜை நடுவில் மரம் இருந்தால் சாம்பார் வாளியை எங்கே வைப்பது? ஓரமாக, சுவரை ஒட்டி வையுங்கள். சில வருடங்களில் கார்த்திகை தீபம் இதே வாரத்தில் வந்துவிடும். 2023இல் நவம்பர் 23 தேங்க்ஸ்கிவிங், 26 தீபம். காய்ந்த கிளையும் காகித இலையும் இருக்கிற மூலையில் அகல் வைக்க வேண்டாம். தீபத்துக்கு முன்பே மரத்தைக் கலைத்துவிட்டு, இலைகளை மட்டும் வருடம் எழுதிய உறையில் போட்டு வைத்தால் போதும்.

## நன்றி ஜாடி

மாதம் முழுக்க ஆளுக்கொரு சீட்டு எழுதி ஜாடியில் போட்டு, பண்டிகையன்று பிரித்துப் படிப்பது. ஐந்தில் இதுதான் தேவைக்கு மேல் புகழப்படுகிறது என்று நினைக்கிறேன். ஆரம்பிப்பது எளிது, இடமும் வேண்டாம், எல்லாம் சரி. ஆனால் இரண்டாவது வாரத்தில் ஜாடி வெறும் ஜாடியாகிவிடும். தினமும் நினைவுபடுத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு நவம்பர் 15க்கு மேல் பொறுமை இருக்காது. பிரித்துப் பார்த்தால் பாதிச் சீட்டில் “அம்மா, அப்பா, ஐபேட்” என்றிருக்கும்.

கேள்வியை மாற்றினால் கொஞ்சம் உயிர் வரும். எதற்கு நன்றி என்று கேட்காமல், “இன்னைக்கு உனக்கு யாரு உதவி செஞ்சா?” என்று கேளுங்கள். பேருந்தில் இடம் விட்ட சிநேகிதன், தொலைந்த கையுறையைத் தேடித் தந்த காவலாளி என்று பதில்கள் இறங்கி வரும். தினமும் வேண்டாம், ஞாயிறு இரவு மட்டும் போதும்.

இது பொருந்துகிற வீடுகளும் உண்டு. வாயைத் திறந்து எதையும் சொல்லாத பதின்மூன்று, பதினாலு வயதுப் பிள்ளைகள் சீட்டில் எழுதுவார்கள். மருத்துவமனையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர், அன்றைக்கும் ஆன்-கால் இருக்கிற ஐடிக்காரர் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் மேஜைக்கு வர முடியாத குடும்பத்துக்கும் ஜாடிதான் வசதி. விருந்தாளிகள் முன்னால் உரக்கப் படிப்பதாக இருந்தால் மட்டும், பெரியவர் ஒருவர் முன்கூட்டியே ஒரு கண் ஓட்டிவிடுவது நல்லது. வீட்டுச் சங்கதி எல்லாம் அதில் இருக்கும்.

சின்னக் குழந்தைகளுக்கு இதே சீட்டை நீளமாக வெட்டி, ஸ்டேப்ளர் போட்டு நாளொரு வளையமாகச் சங்கிலி கோத்தால், எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பார்க்கவும் ஆகும்.

## கையெழுத்து மேஜை விரிப்பு

வெள்ளைப் பருத்தி விரிப்பில், வந்தவர்கள் எல்லோரும் வருடாவருடம் பெயரும் ஒரு வரியும் எழுதுவது. பிறகு அந்த எழுத்தின் மேல் எம்பிராய்டரி போடுவார்கள். ஒரு வருடத்துக்கு ஒரு நிறம். என்னைக் கேட்டால் ஐந்தில் இதற்குத்தான் முதல் இடம். ஏனென்றால் மற்றவை எல்லாம் ஒவ்வொரு வருடமும் புதிதாக ஆரம்பிக்க வேண்டும். இது போன வருடத்தின் மேலேயே ஏறிக்கொண்டு போகும். இப்போது டெக்சாஸுக்கு மாறிவிட்ட குடும்பத்தின் பெயரும், போன வருடம் வந்துபோன தாத்தாவின் கையெழுத்தும் அதே துணியில் கிடக்கும். ஊரை விட்டுக் கிளம்பினாலும் பெட்டியில் மடித்துப் போட்டுக்கொள்ளலாம்.

விருந்தாளிக்கும் இதில் கூச்சம் இல்லை. பெயர் எழுதத் தெரியாதவர் யார்? தமிழில், தெலுங்கில், ஆங்கிலத்தில், எப்படி வேண்டுமானாலும் எழுதட்டும்.

துணி 20, 30 டாலருக்குக் கிடைக்கும். உண்மையான செலவு நேரம்தான். ஒரு பெயரைத் தைக்க நிதானமாக அரை மணி ஆகும் என்று வையுங்கள். பதினைந்து விருந்தாளி என்றால் டிசம்பரில் பல மாலைகள் போய்விடும். பள்ளியில் தையல் வகுப்பில் காம்புத் தையலும் சங்கிலித் தையலும் போட்டுப் பழகிய பாட்டி ஆறு மாதம் வந்து தங்கியிருந்தால், அவருக்கே பிடித்தமான வேலை இது. அப்படி யாரும் இல்லாத வீட்டில், தையலை மறந்துவிட்டுத் துணிக்கான மார்க்கரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தைக்காத விரிப்பு ஒன்றும் மட்டமில்லை. தைக்கிறேன் என்று எடுத்து வைத்து, மூன்று வருடப் பெயர்கள் பாக்கி நிற்பதுதான் வீட்டில் மனத்தாங்கலை உண்டாக்கும்.

செய்முறையில் சில சூட்சுமங்கள். புதுத் துணியை முதலில் ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். கஞ்சி போனால்தான் மை பிடிக்கும், சுருங்குவதும் முதலிலேயே சுருங்கிவிடும். எழுதும்போது அடியில் அட்டை வைக்காவிட்டால் மை மேஜையில் இறங்கும். மார்க்கரில் எழுதியதை மறுநாள் இஸ்திரி போட்டால் நிறம் நிற்கும். தைப்பதாக இருந்தால், நீரில் அழியும் பேனாவில் எழுத வேண்டும். அப்போது தைத்து அலசிய பிறகுதான் இஸ்திரி. முன்னாலேயே சூடு பட்டால் அந்தக் கோடு போகாமல் தங்கிவிடும். சூட்டில் மறையும் பேனாக்களை நம்ப வேண்டாம். கடும் குளிரில் அந்த மை திரும்பத் தெரியும். மினசோட்டா கராஜில் வைத்த பெட்டிக்குள் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் சாம்பார். வெள்ளைத் துணி, தமிழ் வீடு, மஞ்சள்: இது பெரிய விஷயம்தான். சாப்பாட்டு மேஜையில் இதை விரிக்கவே வேண்டாம் என்பேன். சாப்பிட்டு, மேஜையைத் துடைத்து, பாயசமும் காபியும் வருகிற நேரத்தில் விரித்தால், ஆட்களும் நிதானமாக உட்கார்ந்து எழுதுவார்கள். அதையும் மீறிக் கறை பட்டால், சோப்புப் போட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். சோப்பில் இருக்கும் காரத்தன்மை பட்டால் அது அப்படித்தான். நன்றாக அலசி வெயிலில் போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. நவம்பர் வெயில் சோம்பல்தான், இரண்டு மூன்று நாள் எடுக்கும்.

## கை அச்சு வான்கோழி

கட்டை விரல் தலை, மற்ற நான்கும் இறகு. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரைக்கும் இது போதும், பத்து நிமிட வேலை. துவைத்தால் போகிற டெம்பரா சாயம் வாங்குங்கள். அக்ரிலிக் சாயம் உடையில் பட்டால் அவ்வளவுதான்.

காகிதத்துக்குப் பதிலாக உப்பு மாவிலும் அச்சு எடுக்கலாம்: இரண்டு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர். கால் அங்குல கனத்துக்குத் தட்டி, கையை அழுத்தி, 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இரண்டு மூன்று மணி நேரம். வியாழக்கிழமை ஓவன் காலியாக இருக்காது என்பதால் முந்தைய வார இறுதியிலேயே முடித்துவிடுங்கள். ஹூஸ்டன் மாதிரி ஈரப்பதமான ஊரில் வார்னிஷ் பூசாவிட்டால் மாவு மெத்தென்று ஆகிப் பூசணம் பிடிக்கும். நாய் வளர்க்கிறவர்கள் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்; அவ்வளவு உப்பு அதன் உயிருக்கே ஆபத்து.

வருடா வருடம் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சு எடுத்தால் கை வளர்வது தெரியும். ஏழு வயதுக்கு மேல் பிள்ளையே வேண்டாம் என்றுவிடும், வற்புறுத்த வேண்டாம்.

பள்ளிகளில் இதோடு சேர்த்துச் செய்யும் இறகுக் கிரீடமும் கொக்கி வைத்த கறுப்புத் தொப்பியும் வீட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. 1621இல் பிளிமத்தில் ஆங்கிலேயக் குடியேறிகள் நடத்திய அறுவடை விருந்துக்கு மாசசாய்ட் என்ற பூர்வகுடித் தலைவரும் தொண்ணூறு பேரும் வந்தார்கள், மூன்று நாள் நடந்தது, ஐந்து மான் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று குடியேறிகளில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோவின் கடிதம் சொல்கிறது. வந்தவர்கள் வாம்பனோக் மக்கள். அந்தப் பெரிய இறகுக் கிரீடம் சமவெளிப் பழங்குடிகளுடையது. கொக்கித் தொப்பியும் அந்தக் குடியேறிகள் போட்டதில்லை. அதே பிளிமத்தில் 1970லிருந்து பூர்வகுடி மக்கள் இந்த நாளைத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் புரியும்.

## கிரான்பெர்ரி தொக்கு

இதைக் கைவேலை என்பார்களா என்று கேட்கலாம். எழுதுவது, வரைவது இரண்டுமே பிடிக்காத பிள்ளைக்கு இதுதான் கைவேலை. நன்றியைச் சொல்லி மாட்டிவைக்காமல், கொண்டுபோய்க் கையில் கொடுப்பது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை 12 அவுன்ஸ் பைகளில் புதுக் கிரான்பெர்ரி கிடைக்கும். நல்ல பழம் உள்ளே காற்று இருப்பதால் பந்து மாதிரி துள்ளும். துள்ளாததை ஒதுக்கும் வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிடலாம். நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, பழம், மிளகாய்த்தூள், உப்பு, வெந்தயப் பொடி, பெருங்காயம், கடைசியில் கொஞ்சம் வெல்லம். பழமே புளிப்பு, புளி வேண்டாம். சூடேறியதும் படபடவென்று வெடிக்கும், அந்த நேரம் சிறுவர்கள் தள்ளி நிற்கட்டும். பாட்டிலில் சீட்டு எழுதி ஒட்டுவது மறுபடி அவர்கள் வேலை.

அந்தச் சீட்டில் என்ன போட்டிருக்கிறது என்று முழுதாக எழுத வேண்டும். கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. கடுகு ஒவ்வாமையும் உண்டு. பிரிட்ஜில் வைக்கவும், இரண்டு வாரத்தில் தீர்க்கவும், பிரெட்டில் சீஸோடு தடவிச் சாப்பிடலாம் என்றும் எழுதினால்தான் பாட்டில் திறக்கப்படும். காரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். தபால்காரருக்குக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம்: அவர்கள் ஒரு தடவைக்கு 20 டாலர் மதிப்பு வரை பரிசு வாங்கலாம், பணம் மட்டும் கூடாது. ஆசிரியருக்கு என்றால் பள்ளி விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஒரு பார்வையில்

| | எப்போது தொடங்க | பெரும்பாலும் யார் தலையில் | மறைவான செலவு | எந்த வீட்டுக்கு |
|---|---|---|---|---|
| நன்றி மரம் | முந்தைய வாரம். உண்மை இலை என்றால் அக்டோபர் | பிள்ளைகள் | மேஜை இடம், தீ கவனம் | 4–10 வயதுப் பிள்ளைகள் |
| ஜாடி | நவம்பர் 1 | நினைவுபடுத்துகிறவர் | இரண்டாவது வாரச் சலிப்பு | பதின்வயதினர், ஷிப்ட் வேலைக்காரர்கள் |
| விரிப்பு | துணி துவைக்க ஒரு நாள் | தைக்கிறவர் | டிசம்பர் மாலைகள், மஞ்சள் கறை | வருடாவருடம் ஆள் வரும் வீடு |
| கை அச்சு | முந்தைய வார இறுதி | பெற்றோர், கொஞ்ச நேரம் | உப்பு மாவு, ஈரம், நாய் | 5 வயதுக்குள் |
| தொக்கு | திங்கள், செவ்வாய் | சமைக்கிறவர் | பாட்டில், ஒவ்வாமைச் சீட்டு | எழுதப் பிடிக்காத பிள்ளை, புதிதாகக் குடிவந்த தெரு |

இரண்டு வயதும் ஒன்பது வயதும் ஒரே வீட்டில் இருந்தால்? மரத்தை எடுங்கள், சின்னதின் கை அச்சையே ஓர் இலையாக வெட்டி மாட்டலாம். இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குத் தொக்கு. பெரிய கூட்டம் கூடும் வீட்டுக்கு, யோசிக்கவே வேண்டாம், விரிப்பு.

## ஊரில் இருப்பவர்களைச் சேர்ப்பது

பாட்டி தாத்தா ஊரில் இருந்தால் மரமும் ஜாடியும் சுலபம்: அவர்கள் வாட்ஸ்அப்பில் சொல்ல, பிள்ளை எழுதிக்கொள்ளும். தமிழ் எழுத்துப் பயிற்சிக்கும் ஆயிற்று. விரிப்புக்கு அவர்கள் தாளில் கையெழுத்துப் போட்டுப் படம் அனுப்பினால், வேண்டிய அளவில் அச்சிட்டுத் துணிக்கு அடியில் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் மேலே வரைந்துகொள்ளலாம்.

நேரத்தை மட்டும் பார்த்து வையுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைத் திருப்பிய பிறகு நியூஜெர்சிக்கும் சென்னைக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். மாலை 4 மணிக்கு எல்லோரும் மேஜைக்கு வரும்போது அங்கே அதிகாலை 2.30. அதனால் வியாழன் காலை 8 மணிக்கே கூப்பிட்டுவிடுங்கள், அங்கே மாலை 6.30. கலிஃபோர்னியாக்காரர்கள் புதன் இரவு 8 மணிக்குக் கூப்பிட்டால் அங்கே வியாழன் காலை 9.30, காபி குடித்துவிட்டுத் தெம்பாகப் பேசுவார்கள்.